முழங்காலில் கறை இல்லை

அணிக்கு ஐம்பது வயதாகிறதாம்.
மைதானத்தின் வடக்குச் சுவரில்
மறக்க முடியாத தருணங்கள் இருபதை
வண்ணத்தில் தீட்டுகிறார்கள்.

நான் ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்தவள் இல்லை.
நாற்பத்தொரு பருவம்,
போர்ட் ஹலோரன் ஸ்டர்ஜன்ஸின் உடுப்புகளை
பார்வையாளர் படிகளுக்கு அடியில்
கொதிகலன் பக்கத்தில் நின்று துவைத்தேன்.
கூரை அதிர்ந்தால் ரன்.
அதிராமல் காலடிகள் மட்டும் கேட்டால்
தோற்றுவிட்டோம், ஊர் வீட்டுக்குப் போகிறது.
மற்றதைத் துணி சொல்லும்.

சுவரில் நான்காவது படம்
பத்தொன்பது இன்னிங்ஸ் நீண்ட இரவு.
எனக்கு அது ஒன்பது பொட்டலம் சோப்புத்தூள்,
விடிகாலை மூன்று மணிக்குக்
காலர் ஓரங்களில் பூத்திருந்த உப்பு.

எட்டாவது, ட்வைட் ஹசெல்கார்ன்.
இருபத்தேழு பேரில் ஒருவரையும்
முதல் தளத்தில் கால் வைக்கவிடாமல் வீசி முடித்த நாள்.
அவன் உள்சட்டையில்
இடக் கைநுனி மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.
வியர்வை அங்கே அப்படிச் சேராது.
அன்று காலை அவன் அப்பா இறந்ததை
வானொலி மறுநாள்தான் சொன்னது.

சுவரில் இல்லாதவன் ஒஸ்வால்டோ பெகெரோ.
சான் பெத்ரோவிலிருந்து வந்து
ஏப்ரலில் முதல்முறையாகப் பனியைத் தொட்டுப் பார்த்தவன்.
ஒரே ஒரு இன்னிங்ஸ் ஆடினான்.
பந்து அவன் பக்கம் வரவேயில்லை.
மறுநாள் பேருந்து ஏறுமுன் வந்து
துவைக்க எதுவுமில்லாத அந்தச் சட்டையைத்
துவைக்காமல் தரச் சொல்லி விரலால் காட்டினான்.
மடித்துக் கொடுத்தேன்.
கணக்கில் 'கிழிந்தது' என்று எழுதினேன்.

இப்போது முதல் படம்.

அறுபத்திரண்டு, செப்டம்பர், கோப்பைக்கான ஆட்டம்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி
வேலி தாண்டி வந்து புல்தரையில் உட்கார்ந்துகொண்டது.
கடைசி இன்னிங்ஸ்.
ஒரே ரன் முன்னால் நாங்கள்.
இருவர் அவுட், இரு தளங்களில் எதிரணி.
உயரப் போன பந்து வெண்மைக்குள் போயிற்று.
அதன் பின்னாலேயே
ரெய்னோ சல்மேலாவும் போனான்.

கூரை மூச்சை அடக்கிக்கொண்டது.
நாற்பத்தொரு வருடத்தில்
அவ்வளவு பெரிய மௌனத்தை நான் தலைக்கு மேல் கேட்டதில்லை.

பிறகு அவன் பனியிலிருந்து நடந்து வந்தானாம்,
கையுறையில் பந்தோடு.
பாய்ந்து விழுந்து பிடித்தேன் என்றானாம்.
நடுவர் முஷ்டியை உயர்த்தினார்.
துறைமுகத்தில் கனிமக் கப்பல்கள் சங்கு ஊதின,
வெற்றிக்கா மூடுபனிக்கா தெரியாது.

நள்ளிரவில் அவன் கால்சட்டை என் கைக்கு வந்தது.
காலையில் மழை பெய்து ஊறிய புல் அது.
முழங்காலில் கறை இல்லை.
மார்பில் இல்லை, முழங்கையில் இல்லை.
பின்பக்கப் பை மட்டும்
உருண்டையாக எதையோ நெடுநேரம் சுமந்ததுபோலத்
தொய்ந்து கிடந்தது.
அதையும் மற்றவற்றோடு போட்டுத் துவைத்தேன்.

மறுநாள் கதவோரம் வந்து நின்றான்.
கையில் ஒரு டப்பா காப்பிப் பொடி.
"இர்யா, கறையெல்லாம் போயிற்றா?"
"போயிற்று."
அதற்குமேல் அவன் கேட்கவில்லை,
செத்துப்போகும்வரை.

ஏப்ரலில் பனி உருகியதும்
வேலிக்கு அப்பால் நாணல் சேற்றில் நடந்து பார்த்தேன்.
ஏழு பந்துகள் கிடந்தன.
துணி பேசும். பந்து பேசாது.

நேற்று அந்த வழியே போனேன்.
சுவரில் சல்மேலா காற்றில் கிடைமட்டமாக,
கை நீட்டி,
விழப் போகும் ஒருவனின் முகத்தோடு.
ஏணியிலிருந்து ஓவியக்காரி குரல் கொடுத்தாள்:
"நீங்கள் இங்கே வேலை பார்த்தவராமே?
முழங்காலுக்கு என்ன பச்சை போடட்டும்?"

கொஞ்சம் யோசித்தேன்.
"செப்டம்பர் புல்லம்மா," என்றேன்.
"பழுப்பும் சேர்த்துக்கொள்.
இடது காலில் கொஞ்சம் தாராளமாகவே பூசு."